முதலில் பிரேக்: வீட்டில் ஸ்கூட்டர் சொல்லித்தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மகளுக்கும் தங்கைக்கும் மனைவிக்கும், சில வீடுகளில் அம்மாவுக்கும், ஸ்கூட்டர் சொல்லித்தரும் அப்பாக்களே, அண்ணன்களே, கணவன்மார்களே, மகன்களே!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தை எட்டிப் பார்த்தால் உங்களில் ஒருவர் அங்கே இருக்கிறார். வண்டியின் பின்கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, மூச்சு வாங்க, வண்டியோடு கூடவே ஓடுகிறார். "நேரா பாரு, கீழ பாக்காத... மெதுவா... ரேஸ் குடுக்காத!" என்ற குரல் மைதானம் முழுக்கக் கேட்கிறது. அரை மணி நேரத்தில் கையை விட்டுவிடுகிறார். வண்டி தள்ளாடி, பிறகு நேராகி, கோல் போஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. ஓட்டி வந்தவள் இரண்டு காலையும் தரையில் தேய்த்து நிறுத்துகிறாள். "அவ்ளோதான், வந்துருச்சு!" என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் தெருவில் ஓட்டுவாள். அதற்கடுத்த வாரம் பஸ் போகும் சாலைக்கு வந்துவிடுவாள்.

இந்த மடல் அவள் காலைத் தேய்த்த அந்த நொடியைப் பற்றியது. கைக்கடியில் இரண்டு பிரேக் இருந்தும் அவளுக்குக் கால்தான் முந்தியது. சைக்கிள் ஓட்டிய உடம்பு அப்படித்தான் செய்யும், அவள்மேல் குற்றமில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பாடம் முடிந்தது என்று நினைப்பதுதான் நம் வீடுகளின் ஸ்கூட்டர் பயிற்சியில் இருக்கும் பெரிய ஓட்டை. வண்டியைக் கிளப்பச் சொல்லித்தருகிறோம், நிறுத்தச் சொல்லித்தருவதில்லை.

கியரில்லாத வண்டியில் இந்த ஓட்டை இன்னும் பெரிதாகிறது. கியர் வண்டி பழகுபவர் கிளட்ச்சோடு மல்லுக்கட்டியே சில வாரங்களைக் கழிப்பார். அந்த வாரங்களில் அவர் மெதுவாகத்தான் போக முடியும். வண்டி நின்று நின்று போகும். ஸ்கூட்டரில் அந்தத் தடை கிடையாது. முறுக்கினால் போகிறது. ஒரே காலையில் ஒருவர் 40 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய்விட முடியும். அந்த வேகத்தில் என்ன செய்வது என்ற பாடம் மட்டும் தொடங்கியே இருக்காது.

அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நடந்த சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 1981இல் வெளிவந்த அந்த அறிக்கை இன்றும் இருசக்கர வாகனப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் ஒன்று. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவே கற்றவர்கள், அல்லது வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கற்றவர்கள். முறையான பயிற்சிக்கு வந்தவர்கள் மிகச் சிலர். மோதப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து மோதும் வரை அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 நொடிக்கும் குறைவு. அந்த 2 நொடியில் அவர்கள் செய்தது என்ன? பின் பிரேக்கை இறுக்கிப் பின்சக்கரத்தைச் சறுக்க விட்டார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. வளைத்து விலகும் திறமை ஏறக்குறைய யாரிடமும் இல்லை.

அது வெளிநாடு, அது பெரிய மோட்டார் சைக்கிள், அது நாற்பது ஆண்டுக்கு முந்தைய கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் நம் மைதானங்களில் தினமும் கேட்கிற ஒரு வாக்கியத்தோடு அதைச் சேர்த்துப் பாருங்கள்: "முன் பிரேக்கைத் தொடாத, குப்புற விழுந்துருவ." எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் இந்த எச்சரிக்கை ஒன்றுதான். சொல்லித்தந்தவருக்கு அவருடைய அண்ணன் சொன்னது. அண்ணனுக்கு ஒரு மெக்கானிக் சொன்னது. ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலஸில் கண்டுபிடித்த அதே பிழையை நாம் பாடமாகவே நடத்துகிறோம்.

பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. மணல் பரவிய இடத்தில், வளைவில் சாய்ந்திருக்கும்போது, மழை ஈரத்தில் எண்ணெய் படிந்த சாலையில் முன் பிரேக்கைச் சட்டென்று இழுத்தால் முன்சக்கரம் வழுக்கும், ஆள் விழுவார். அதைப் பார்த்தவர்கள்தான் முன் பிரேக்கே வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியிருப்பார்கள். ஆனால் பிரேக் பிடித்த உடனே வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்னால் சாய்கின்றன. முன் டயர் சாலையை அழுத்திப் பிடிக்கிறது. பின் டயர் லேசாகிறது. லேசான டயரால் வண்டியை எவ்வளவு நிறுத்த முடியும்? 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். குறுக்கே நாய் வந்ததைக் கண் பார்த்து விரல் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு பஸ்ஸின் நீளம் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அந்த மிச்சத் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

இந்தப் பிரச்சினை நம் அரசுக்கும் தெரிந்திருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் 125 சி.சி. வரையிலான வண்டிகளில் பின் பிரேக்கைப் பிடித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் பழகுபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பழைய வண்டி. "விழுந்தாலும் பரவாயில்ல, இதுல ஓட்டிப் பழகட்டும்" என்று கொடுக்கப்படும் அந்த வண்டி 2019க்கு முந்தையதாக இருந்தால் அந்த உதவி அதில் இல்லாமல் இருக்கலாம். ஏற்பாடு உள்ள வண்டியிலும் வலது கைப் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால்தான் முழுப் பலன்.

இனி, பின்னால் ஓடுவதைப் பற்றி.

புதிதாகப் பழகும் ஒருத்தியின் வலது கையைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். மணிக்கட்டு மேலே எழும்பி நிற்கிறது. வண்டி கொஞ்சம் வேகமெடுக்கிறது. பின்னால் நீங்கள் பதறிப்போய்க் கம்பியைப் பிடித்து இழுக்கிறீர்கள். வண்டி பின்னால் இழுபட, அவள் உடம்பு முன்னும் பின்னுமாக ஆடுகிறது. விழாமலிருக்கக் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பற்றுகிறாள். பற்றிய வேகத்தில் மணிக்கட்டு கீழே மடங்குகிறது. மடங்கினால் ஆக்ஸிலரேட்டர் முறுக்கிக்கொள்கிறது. நீங்கள் "விடு, விடு!" என்று கத்த, அவள் எதை விடுவது என்று தெரியாமல் இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறாள். வண்டி மதில் சுவரைப் பார்த்துப் பாய்கிறது. சமாளிக்க முடியாமல் ஓடும் வண்டியைப் பயத்தில் இன்னும் முறுக்குவதற்கு, பிடிக்கும் விதமே காரணம். தொடக்கத்திலேயே மணிக்கட்டைத் தாழ்த்தி வைக்கவும், இரண்டு விரலைப் பிரேக் நெம்புகோலின் மேல் வைத்திருக்கவும் பழக்கினால் பயத்தில் விரல் இறுகும்போது ஆக்ஸிலரேட்டருக்குப் பதில் பிரேக் பிடிக்கும். இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். பின்னால் ஓடுபவரால் மட்டும் இதைச் சொல்லித்தர முடியாது; அவருக்கு அவள் கை தெரியாது, அவளுக்கு அவர் முகம் தெரியாது.

முறையான வகுப்புகளில் யாரும் பின்னால் ஓடுவதில்லை. பிரிட்டனில் 1990இலிருந்து புதிதாக ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ ஓட்ட விரும்புகிறவர் சாலைக்கு வருவதற்கு முன் கட்டாய அடிப்படைப் பயிற்சி ஒன்றை முடித்தாக வேண்டும். 16 வயதில் 50 சி.சி., 17 வயதில் 125 சி.சி. வரை ஓட்டலாம் என்பதால் பள்ளிப் பிள்ளைகளும் பீட்சா கொண்டுபோகும் இளைஞர்களும் அங்கே நிறைய வருவார்கள். பலர் கேட்பது கியரில்லாத ஸ்கூட்டரைத்தான். முதலில் கண் பார்வை சரிபார்ப்பு: சுமார் 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பரைப் படிக்க வேண்டும். பிறகு எஞ்சினை முடுக்காமலே வண்டியோடு அறிமுகம்: ஸ்டாண்டிலிருந்து இறக்குவது, தள்ளிக்கொண்டு நடப்பது, பிரேக் பிடித்து நிறுத்துவது. அதற்குப் பிறகுதான் சாவி. மூடிய இடத்தில் மெதுவாக ஓட்டுவது, எட்டு, திரும்பி வருவது, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, அவசரமாக நிறுத்துவது எல்லாம் முடிந்த பிறகு சாலை விதிகளைப் பற்றிப் பேச்சு. கடைசியில் குறைந்தது 2 மணி நேரம் உண்மையான சாலையில் ஓட்டம். பயிற்றுநர் பின்னால் தன் வண்டியில் வருவார். காதில் ரேடியோ வழியாகப் பேசுவார். சாலையில் ஒரு பயிற்றுநர் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் அழைத்துப்போகக் கூடாது.

அந்தப் பயிற்சியில் தோல்வி என்று எதுவும் இல்லை. பாதுகாப்பாக ஓட்டுகிறார் என்று பயிற்றுநருக்கு நம்பிக்கை வராவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. இன்னொரு நாள் வரச் சொல்வார். வந்தால் அன்றைக்குப் பார்ப்பார். நம் வீடுகளில் இந்த ஒரு குணத்தைத்தான் முதலில் கடன் வாங்க வேண்டும். "நீ லாயக்கில்ல", "உனக்கு வராது" என்று ஒரு காலையில் தீர்ப்புச் சொல்லப்பட்டு, அதற்குப் பிறகு பத்து வருடம் ஸ்கூட்டர் பக்கமே போகாத பெண்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு விட, மருந்து வாங்க, வேலைக்குப் போக அவர்கள் இன்னொருவர் கிளம்பும்வரை காத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1973இல் தொடங்கப்பட்ட மோட்டார் சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷனின் தொடக்கநிலை வகுப்பு ஏறத்தாழ 15 மணி நேரம்; அதில் 10 மணி நேரம் மைதானத்தில். பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரியின் காலியான கார் நிறுத்துமிடம்தான் அந்த மைதானம். கோடு போட்டு, சின்னச் சின்னக் கூம்புகள் நட்டு வைத்திருப்பார்கள். ஸ்கூட்டரில் வந்து கற்பவர்களும் அதில் உண்டு. முடிவில் அங்கேயும் ஒரு குறுகிய கட்டத்துக்குள் திரும்புவதைப் பார்க்கிறார்கள். ஆனால் அதோடு விடுவதில்லை: திடீரென்று விலகுவதும், எவ்வளவு குறைந்த தூரத்தில் நிறுத்துகிறார் என்பதும் மதிப்பெண்ணில் சேரும். பல மாநிலங்களில் இந்த வகுப்பில் தேறினாலே உரிமத்துக்கான ஓட்டத் தேர்விலிருந்து விலக்கு கிடைக்கிறது. வேலைக்காகச் சிங்கப்பூர் போய் அங்கே மோட்டார் சைக்கிள் உரிமம் எடுத்த நம் ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் போய்த்தான் கற்க வேண்டும் என்பதையும், குறுகிய பலகை மேல் ஓட்டியதையும், அவசர பிரேக் பாடத்தையும் விலாவாரியாகச் சொல்வார்கள்.

நம்மிடம் இருப்பது எட்டு. எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். மெதுவான வேகத்தில் பேலன்ஸ் பிடிப்பது முக்கியமான திறமைதான். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதியைப் புரட்டினால், தேர்வில் பார்க்க வேண்டியவற்றில் அவசர நேரத்தில் வண்டியை நிறுத்துவதும் எழுதப்பட்டிருக்கிறது. பின்னால் பார்ப்பதும், சைகை காட்டுவதும், சந்திப்புகளை முன்கூட்டிக் கவனிப்பதும் இருக்கின்றன. மக்கள் நினைவில் தங்கியது எட்டு ஒன்றுதான். அந்த 30 நாளும் உங்கள் வீட்டுப் பெண் எட்டை மட்டுமே போட்டுப் பார்க்கிறாள்.

2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியபோது வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியமாகக் கிடைத்தது. ஆண்டுக்கு 1 லட்சம் பெண்கள் என்பது இலக்கு. விண்ணப்பிக்க உரிமம் வேண்டும் என்பதால் எல்.எல்.ஆர். எடுக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்குப் போனார்கள். ஸ்கூட்டர் என்பது நம் பெண்களுக்கு எத்தனை பெரிய விடுதலை என்று அந்த வரிசைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் வேலை முடிந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை பஸ் தீர்மானிக்காது. அந்த விடுதலையைப் பயமுறுத்திப் பறிக்க இந்த மடல் எழுதப்படவில்லை. வண்டி வாங்கிக்கொடுப்பதற்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை நிறுத்தச் சொல்லித்தருவதற்கும் காட்டுங்கள் என்பதே வேண்டுகோள்.

எண்களையும் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் போய் இறந்தவர்கள் 50,029. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

பயிற்சிக்குப் போனால் விபத்தே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2010ஆம் ஆண்டு மதிப்பாய்வு, எந்தப் பயிற்சி விபத்தை எவ்வளவு குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தது. சில மணி நேர வகுப்பு ஒருவரின் சாலைப் பழக்கம் முழுவதையும் மாற்றிவிடாது. சிலருக்கு அது தேவையில்லாத துணிச்சலைக்கூடக் கொடுக்கலாம். ஆனால் முன் பிரேக்கைத் தொடாதே என்பது தவறு என்பதற்குப் புதிய ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. வகுப்பு செய்வது அப்படிப்பட்ட தவறுகளைக் களைவது. ஒருமுறைகூட அழுத்தி நிறுத்திப் பார்க்காத ஆளைச் சாலைக்கு அனுப்பாமலிருப்பது. அந்த அளவு நிச்சயம் நம் கையில் இருக்கிறது.

பெரிய ஊர்களில் பெண் பயிற்றுநர்கள் ஸ்கூட்டர் சொல்லித்தரும் வகுப்புகள் இருக்கின்றன; சிலர் வீட்டுக்கே வருகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். அவசரமாக நிறுத்துவதைச் சொல்லித்தருவீர்களா? மைதானத்தோடு முடிந்துவிடுமா, சாலையிலும் கூட வருவீர்களா? பழகும்போது ஹெல்மெட் போடச் சொல்வீர்களா? "எட்டுப் போட வைத்துவிடுவோம், லைசென்ஸ் நிச்சயம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். உங்கள் தெருவில் நான்கு பேர் பழக வேண்டியிருந்தால் சேர்ந்து போய்க் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் பள்ளிகளும் கார் வகுப்பைப் போல இதற்கும் நேரம் ஒதுக்கும்.

அப்படி வகுப்பு கிடைக்காத ஊர்களே அதிகம் என்பது தெரியும். அங்கே நீங்கள்தான் பள்ளி. பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்ட வேண்டும். உரிமம் உள்ள, சொல்லித்தரும் ஆளைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. பால் வாங்கப் போகிறாள்தானே என்று தம்பியைப் பின்னால் ஏற்றி அனுப்புவது சட்டப்படியும் தவறு, நூறு கிலோவை ஒட்டிய வண்டியின் தன்மையே அவளுக்கு மாறிப்போவதால் ஆபத்தும்கூட.

முதல் நாள் சாவியை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கட்டும்; நடந்தபடியே வலது பிரேக்கைப் பிடிக்கட்டும். வண்டியின் மூக்கு எப்படி அமுங்குகிறது என்று கையிலேயே உணர்வாள். நெம்புகோலைச் சட்டென்று இழுக்காமல் எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல மெல்லத் தொடங்கி அழுத்தம் கூட்டச் சொல்லுங்கள். பிறகு எஞ்சின். பத்தடி போய் நிற்பது, மறுபடி பத்தடி போய் நிற்பது. நிற்கும்வரை இரண்டு காலும் தளத்தின் மேலேயே இருக்க வேண்டும், நின்ற பிறகு இடது கால் இறங்கட்டும். இது சலிப்பாக இருக்கும்; அவளைவிட உங்களுக்குச் சலிப்பாக இருக்கும். சுற்றி வருவதை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக ஓட்ட வந்த பிறகு மண் இல்லாத தார்த் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடிக்க வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் முதலில் பின் பிரேக் மட்டும். வண்டி நின்ற இடத்தில் ஒரு கோடு. அடுத்து இரண்டு பிரேக்கும் சேர்த்து. அங்கே ஒரு கோடு. ஹேண்டில் நேராக இருக்க வேண்டும், பார்வை தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அவள் காலால் அளந்து பார்த்துவிட்டால் முன் பிரேக்கைப் பற்றி யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டி 30இல் திரும்பச் செய்து பாருங்கள். நீங்கள் பக்கவாட்டில், அவள் பார்வையில் படும் இடத்தில் நில்லுங்கள். கை காட்டினால் போதும், கத்த வேண்டாம்.

இவை வந்த பிறகு பள்ளம். ஸ்கூட்டரின் சக்கரம் சின்னது, 10 அல்லது 12 அங்குலம். மோட்டார் சைக்கிள் ஏறித் தாண்டிவிடும் குழியில் இது உள்ளே இறங்கும். குழியையே வெறித்துப் பார்த்தால் வண்டி அதில்தான் போய் விழும். தப்பிக்கும் வழியைப் பார்க்கப் பழக்குங்கள். கண்ணாடியில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் தோளுக்கு மேல் ஒரு பார்வை. நின்றிருக்கும் காரின் கதவு திறக்கும் தூரம். இடப்பக்கம் பஸ் நின்றால் அதன் முன்னாலிருந்து யாராவது குறுக்கே ஓடிவருவார்கள் என்ற எதிர்பார்ப்பு. இதெல்லாம் ஞாயிறு விடியற்காலைச் சாலையில், நீங்கள் இன்னொரு வண்டியில் பின்னால் வர, அவள் சொல்லிச் சொல்லி ஓட்ட வேண்டியவை.

ஹெல்மெட் மைதானத்துக்கும் உண்டு. பழகும்போதுதான் விழுவார்கள். அவள் தலைக்கு வாங்குங்கள். வீட்டில் தொங்கும் அண்ணனுடைய பெரிய ஹெல்மெட் விழும்போது கழன்றுவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, பட்டை மாட்டினால் இறுகுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். உயரக் கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது, பின்னலைத் தாழ்த்திப் போடச் சொல்லுங்கள். துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போடட்டும். பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வண்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. அழகுக்காக யாராவது அதைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுங்கள். சேலை உடுத்திப் பின்னால் உட்காரும் அம்மாவுக்கு அது உயிர் காக்கும் தகடு.

18 வயது ஆகாத பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் கடுமையாகிவிட்டது. 16 வயதில் ஓட்ட அனுமதி இருப்பது கியரில்லாத 50 சி.சி. வரை மட்டுமே. இன்று கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சி.சி.; அவை அவர்களுக்கு இல்லை. சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத சிறிய மின் ஸ்கூட்டருக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அதை டியூஷனுக்குக் கொடுத்து அனுப்பும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. அந்த வண்டியில் போகும் பிள்ளைக்கும் மேலே சொன்ன அத்தனையும் வேண்டும், ஹெல்மெட் உட்பட.

கடைசியாக ஒன்று, உங்களைப் பற்றி. இருபது வருடமாக ஓட்டுகிறோம் என்று சொல்லும் உங்களில் பலர், இரண்டு பிரேக்கையும் முழுமையாக அழுத்தி வண்டியை நிறுத்திப் பார்த்ததே இல்லை. தேவைப்பட்ட அன்று பின்சக்கரம் சறுக்கி, எப்படியோ தப்பித்திருப்பீர்கள். வருகிற ஞாயிறு மைதானத்துக்குப் போனதும் அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி நாலைந்து முறை அந்தச் சாக்பீஸ் கோட்டில் நிறுத்திப் பாருங்கள். எத்தனை அடியில் நின்றது என்று அவளையே அளக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு வண்டியை அவளிடம் கொடுங்கள்.